எந்தத் துப்பாக்கி என்று மட்டும் சொல்

கோல்டர் லேண்டிங், ஆர்கன்சா
ஆகஸ்ட் 6, 1995

அன்புள்ள ஹார்லன் அண்ணா,

நான் சுகம். உன் கால் வீக்கம் குறைந்ததா? இந்தக் கடிதம் உன் கம்பெனி ஆபீசுக்குப் போய், சாமான் படகில் ஏறி, நீ மிசிசிப்பியில் எந்த வளைவில் சரக்குப் பார்ஜுகளைத் தள்ளிக்கொண்டிருக்கிறாயோ அங்கே வந்து சேர எத்தனை நாள் ஆகுமோ. கரை இறங்கியதும் போன் செய்கிறேன் என்று நீ சொல்லிப் பதினாறு மாதம் ஆகிறது. இரண்டு மூன்று மாதம் படகு, ஒரு மாதம் கரை என்றுதானே வேலை? கரை மாதத்தைக்கூட பாடுகாவில் அறை எடுத்துக் கழிக்கிறாய். ஊருக்கு வர ஐந்து மணி நேரப் பயணம். சரி, சண்டை போட எழுதவில்லை.

இங்கே நெல் கதிர் வாங்கிவிட்டது. விதைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை இன்னும் ஆரம்பிக்கவில்லை, அதனால் யோசிக்க நேரம் நிறைய. யோசித்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். இந்த வருஷம் வாத்து வேட்டைக்குத் திரும்பப் போகிறேன்.

வேட்டைக் கிளப் விதி உனக்குத் தெரியும். தொடர்ந்து இரண்டு வருஷம், வாத்துக்குப் பதுங்கும் மறைப்பில் வந்து உட்காராதவருடைய இடம், காத்திருப்போர் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். போன வருஷம் கையில் கட்டோடு இருந்தேன். இந்த வருஷமும் போகாவிட்டால் என் இடம் போச்சு. ஒன்பது வருஷம் காத்திருந்து வாங்கிய இடம் அது. பதினான்கு பேரில் ஒரே பெண் நான். திரும்ப வரிசையில் நின்றால் ஐம்பத்து மூன்று வயதில்தான் கிடைக்கும்.

பழைய பம்ப் துப்பாக்கி வகை இனி எனக்கு ஆகாது. எல்டன் கடையில் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு வெடிக்கும் முன்கட்டையை இடது கையால் இழுத்துத் தள்ள வேண்டுமே, அங்கேதான் தகராறு. மோதிர விரலும் சுண்டு விரலும் இல்லை, நடுவிரல் மடங்காது. தாங்கிப் பிடிக்க முடிகிறது, இழுக்க முடியவில்லை. எனவே தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ஆட்டோ வேண்டும். செப்டம்பரில் புறா, குளிரில் வாத்து, வசந்தத்தில் வான்கோழி, நடுவில் பழக்கத்துக்கு எறிந்து சுடும் களிமண் தட்டு, எல்லாவற்றுக்கும் ஒன்றே ஒன்று. நம்பகமானதாக இருக்க வேண்டும். நீ சொன்னால் அதை வாங்குவேன்.

என் துப்பாக்கிக் குழல் வெடித்தது பற்றி ஊரில் இன்னும் அதே பேச்சுதான். தபால் ஆபீசில்கூட ஒருவர், "என்ன வெர்னா, குழலை சேத்துல குத்தாம நடக்கக் கத்துக்கிட்டியா?" என்றார். சிரித்துவிட்டு வந்தேன். குத்தியதாக எனக்கு நினைவே இல்லை.

பதில் போடு.

உன் தங்கை,
வெர்னா

*

மிஸ் ஜெனீவா படகு
ஆகஸ்ட் 14

வெர்னாவுக்கு,

கடிதம் வந்தது. கால் பரவாயில்லை. தண்ணீர் குறைந்துவிட்டதால் மணல் திட்டில் இரண்டு தடவை தட்டினோம்.

வேண்டாம்.

ஆட்டோ வாங்குகிறவன் கூடவே ஒரு சுத்தியலும் வாங்க வேண்டும். மூன்றாவது வெடியில் சிக்கிக்கொண்டு, வாத்தெல்லாம் தலைக்கு மேலே சிரித்துக்கொண்டு போகும். நம் வீட்டில் யாரும் ஆட்டோ வைத்ததில்லை. உனக்கு ஒரு கை சரியில்லை. அந்தக் குளிரில், இடுப்பளவு தண்ணீரில், மரத்துக்கு மரம் பிடித்துக்கொண்டு நடப்பதற்கு இரண்டு கையும் வேண்டும்.

இடத்தை விட்டுவிடு. மீன் பிடி. கிளப் தலைவர் மெர்லிடம் நான் பேச வேண்டுமானால் பேசுகிறேன், மரியாதையாக விலகிக்கொள்ள ஏற்பாடு செய்வார்.

நாய் எப்படி இருக்கிறது?

ஹார்லன்

*

கோல்டர் லேண்டிங்
ஆகஸ்ட் 20

அன்புள்ள அண்ணா,

நாய் நன்றாக இருக்கிறது. உன்னைவிட அதிகம் பேசுகிறது.

நான் போகலாமா என்று உன்னைக் கேட்கவில்லை. போகிறேன் என்றுதான் எழுதினேன். எந்தத் துப்பாக்கி என்று மட்டும் சொல். மற்றதை எல்லாம் நான் பத்தொன்பது மாதமாக யோசித்தாகிவிட்டது, நீ புதிதாக யோசிக்க ஒன்றுமில்லை.

சனிக்கிழமை எல்டன் கடையில் மூன்று மணி நேரம் இருந்தேன். உனக்கு எல்டனைத் தெரியுமே. முதல் அரை மணி யாருக்கு மூட்டுவலி என்பதிலேயே போய்விட்டது. பிறகு மூன்று துப்பாக்கிகளை எடுத்து மேஜையில் வைத்தார். ஒன்று, வெடிவாயுவில் கொஞ்சத்தைத் திருப்பி எடுத்து அதன் பலத்தில் இயங்குகிற வகை. கனம், ஏழே முக்கால் பவுண்டு. இரண்டாவது இத்தாலிக்காரன் செய்தது, உதைப்பின் வேகத்திலேயே இயங்கும், ஏழு பவுண்டுகூட இல்லை. மூன்றாவது பழையது, வெடிக்கும்போது குழலே பின்னால் போய் வரும், யாரோ விற்றுவிட்டுப் போனது. அதைக் கையில் எடுத்ததும் கீழே வைத்துவிட்டேன். குழல் இடது கைக்குள் நகர்வதை என் கை விரும்பவில்லை. காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

"இத்தாலிக்காரன எடுத்துக்கோம்மா," என்றார் எல்டன். "சுத்தமே பண்ண வேணாம். எங்க மச்சான் ரெண்டு வருஷமா தொடைக்காம வெச்சிருக்கான்."

"உங்க மச்சான் வீட்டையும்தான் தொடைக்கறதில்ல," என்றேன்.

"அதுவும் சரிதான். ஆனா வீடு சுடாது, துப்பாக்கி சுடுது பாரு."

பிறகு அவரே, "கடையில எல்லாத் துப்பாக்கியும் நல்லாத்தான் இருக்கும். புறா சீசன் தொறந்ததும் ரெண்டையும் கொண்டு போய் வயல்ல சுட்டுப் பாரு. எது கூட ஒத்துப் போவுதோ அத வெச்சுக்கோ," என்றார். என் கையைப் பார்க்காமல் பேசிய முதல் ஆள் அவர். நன்றாக இருந்தது.

அண்ணா, நான் ஏன் திரும்பப் போக வேண்டும் என்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அந்த விபத்துக்குப் பிறகு எல்லோரும் என்னிடம் மெதுவாகப் பேசுகிறார்கள். கூடத்தில் ஜாடியைத் திறந்து கொடுக்க ஓடி வருகிறார்கள். தண்ணீருக்குள் நிற்கும் மரங்களுக்கு நடுவே, வெளுக்கிற நேரத்தில் யாரும் யாரிடமும் மெதுவாகப் பேசுவதில்லை. "தலையக் குனி," "இப்ப எழுந்திரு," அவ்வளவுதான். அந்தக் குரலை மறுபடி கேட்க வேண்டும்.

இரண்டில் எது?

அன்புடன்,
வெர்னா

*

மிஸ் ஜெனீவா
ஆகஸ்ட் 27

வெர்னா,

நீ பிடித்தால் விடமாட்டாய் என்று எனக்குத் தெரியாதா? சரி, கேள்.

இத்தாலிக்காரன் வேண்டாம். சேற்றிலும் மழையிலும் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் லேசான தோட்டா போட்டால் சோம்பேறித்தனம் செய்யும். இங்கே எஞ்சின் அறையில் ஒருவன் வைத்திருக்கிறான், ராத்திரி பகல் அதன் பெருமைதான், ஆனால் புறாத் தோட்டா என்றால் வாயை மூடிக்கொள்கிறான். உதைப்பும் கூர்மை. உன் இடது கை பாதி வேலைதான் செய்யும் என்றால், மீதி உதை முழுவதும் தோளுக்குப் போகும்.

வாயு வகையை எடு. கனமாக இருக்கிறது என்று நினைக்காதே, அந்தக் கனம்தான் உதையைத் தின்கிறது. மூன்று அங்குலத் தோட்டா வரை ஏற்கிறதா, லேசானதையும் ஏற்கிறதா என்று பார். குழல் இருபத்தெட்டு அங்குலம் வேண்டாம், இருபத்தாறு போதும், மரங்களுக்கு நடுவில் திருப்ப வேண்டுமே. நுனியில் மாற்றிப் போடுகிற, ரவை பரவுவதைக் குறுக்கும் சோக் இருக்கட்டும். வாத்துக்கு இரும்பு ரவைதான் போட வேண்டும் என்பதால் இறுக்கமான சோக் போடாதே. தோளில் வைக்கும் அடிக்கட்டை உனக்கு நீளமாக இருக்கும், கடை ஆள்கள் எல்லாத் துப்பாக்கியையும் ஆறடி ஆளுக்கே செய்கிறார்கள். எல்டனிடம் சொல்லி முக்கால் அங்குலம் வெட்டச் சொல். கோட்டுக்கு மேல் கோட்டு போட்டு நிற்கும்போது எனக்கு நன்றி சொல்வாய்.

வாரம் ஒரு தடவை பிரித்து வாயு வழியைத் துடை. அதைச் செய்யாதவன்தான் ஆட்டோ சிக்குகிறது என்று அழுவான்.

இன்னொன்று. வீட்டில் உன் துப்பாக்கிக்கான பன்னிரண்டு கேஜ் தவிர வேறு அளவுத் தோட்டா வைக்காதே. ஒன்றுகூட. அதைவிடச் சின்ன, என் பழைய இருபது கேஜ் தோட்டாப் பெட்டி கராஜில் இருந்தால் எல்டனிடம் கொடுத்துவிடு. கிளம்பும் முன் ஒவ்வொரு பாக்கெட்டையும் தலைகீழாகக் கவிழ்த்து உதறு. யாருடைய கோட்டையும் இரவல் வாங்காதே. மறந்துவிடாதே. இதை முதலில் எழுதியிருக்க வேண்டும்.

ஹார்லன்

*

கோல்டர் லேண்டிங்
செப்டம்பர் 5

அன்புள்ள அண்ணா,

நீ சொன்னது சரி. இரண்டையும் புறா வயலுக்குக் கொண்டு போனேன். இத்தாலிக்காரன் முதல் வெடியில் அழகாகச் சுட்டான், இரண்டாவதில் காலித் தோட்டாவைப் பாதி துப்பிவிட்டு அப்படியே நின்றான். ஐந்து முறையில் இரண்டு முறை அப்படி. வாயு வகையில் நாற்பது தோட்டா சுட்டேன், ஒன்றுகூடச் சிக்கவில்லை. புறா ஆறுதான் விழுந்தது, அது துப்பாக்கியின் தப்பில்லை. முன்கட்டையை இழுக்க வேண்டியதில்லை என்று மூளைக்குத் தெரிகிறது, கைக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு வெடிக்கும் இடது கை தானாகப் பின்னால் போகப் பார்த்தது. பத்தாவது வெடிக்குப் பிறகு சும்மா இருக்கக் கற்றுக்கொண்டது. வாங்கிவிட்டேன். அடிக்கட்டையை வெட்டியாகிவிட்டது.

இனி மற்ற விஷயம்.

வியாழக்கிழமை மெர்ல் வீட்டுக்கு வந்தார். கிளப் தலைவர் வீடு தேடி வந்தால் நல்ல சேதியாகவா இருக்கும்? தொப்பியைக் கழற்றி முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, ஒரு பாத்திரம் ஐஸ் டீயையும் குடித்து முடித்தார்.

"தங்கச்சி, நான் ஒண்ணும் சொல்லல. மத்தவங்க சொல்றாங்க."

"மத்தவங்க என்ன சொல்றாங்க?"

"குழல சேத்துல குத்திட்டு, பாக்காம சுட்ட ஆளு பக்கத்துல நிக்க யோசிக்கறாங்க. உன் கை போனது உன்னோட. நாளைக்கு எங்க தலையா இருந்தா?"

செப்டம்பர் 23 மீன் விருந்தில் என் இடத்தை ஓட்டுக்கு விடப் போகிறார்களாம். விருந்தில் வழக்கம் போல ஒவ்வொருவரும் இந்த வருஷத் துப்பாக்கியால் இருபத்தைந்து தட்டு சுட வேண்டும், யாருடையது சிக்குகிறதோ அவர் தொடக்க வாரம் முழுக்கக் காலைச் சமையல். அதற்குப் பிறகு ஓட்டு. கவனமில்லாதவள் என்பதுதான் குற்றச்சாட்டு.

அவர் போனதும் அடுக்களையில் வெகுநேரம் நின்றேன். கூடத்தில் பதினேழு வருஷமாக விதை எண்ணுகிறேன். நூறு விதையில் எத்தனை முளைத்தது என்று எண்ணுவதில் ஒரு முறைகூடத் தப்பியதில்லை. அப்படிப்பட்டவள் குழலைச் சேற்றில் குத்தி, பார்க்காமல் சுட்டிருப்பேனா? இருக்கலாம் என்றுதான் இத்தனை நாள் எண்ணியிருந்தேன். எல்லோரும் சொன்னதால்.

மறுநாள் எல்டனிடம் போய், வெடித்த குழல் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"உங்கண்ணன் கொண்டாந்து குடுத்தான். அறுத்துப் போடுன்னான். நான் எதையும் அறுத்துப் போடறதில்லம்மா, அதுக்குத்தான் வீட்டுக்காரி தெனமும் திட்டறா." பின் அறையில் சாக்கில் சுற்றியபடி இருந்தது. அவர் பிரித்துக்கூடப் பார்த்திருக்கவில்லை.

அண்ணா, நுனியில் சேறு அடைத்திருந்தால் நுனிதான் பூப்போலக் கிழியும். இந்தக் குழலின் நுனி புதிதாக இருக்கிறது. கிழிந்தது தோட்டா அறைக்குச் சற்று முன்னால், சரியாக என் இடது கை இருந்த இடத்தில். உள்ளே விளக்கடித்துப் பார்த்தேன். பித்தளை வளையம் ஒன்று சுவரோடு ஒட்டியிருக்கிறது. பன்னிரண்டு கேஜ் வளையத்தைவிடச் சிறியது. அதைச் சுற்றி உருகிய மஞ்சள் பிளாஸ்டிக். மஞ்சள் இருபது கேஜுக்கு மட்டும்தான் என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா?

அன்று காலை படகில் இறங்கும்போது என் கோட்டு நனைந்துவிட்டது. நீ உன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தாய். என் தோட்டாக்களை அதன் பாக்கெட்டுக்கு மாற்றிக்கொண்டேன். முதல் நாள் மாலை அதே கோட்டோடு, உன் இருபது கேஜ் துப்பாக்கியோடு நீ காடை சுடப் போயிருந்தாய். இருட்டு, கையுறை. பாக்கெட்டில் கைவிட்டு முதல் தோட்டாவை அறைக்குள் போட்டேன், அடிக்குழாயில் இன்னும் இரண்டு. வாத்து வந்தது. விசையை இழுத்தேன், 'டிக்' என்றது, வெடிக்கவில்லை. சின்னத் தோட்டா குழலுக்குள் வழுக்கிப் போய் நின்றிருக்கிறது. அறையில் போட மறந்துவிட்டேன் போலும் என்று நினைத்து, பம்ப் செய்து அடுத்ததை ஏற்றிச் சுட்டேன்; அது வழியில் நின்றதில் மோதிக் குழல் கிழிந்தது.

'டிக்' கேட்டால் நிறுத்து, திற, குழலுக்குள் பார். இது எனக்குத் தெரியும். செய்யவில்லை. அந்தப் பாதி என்னுடையது. அதை யாரிடமும் ஒப்புக்கொள்வேன்.

கோட்டு உன்னுடையது.

23ஆம் தேதி வா. நீ வந்து உன் வாயால் சொல். நான் வேறெதுவும் கேட்கவில்லை.

வெர்னா

*

மிஸ் ஜெனீவா
செப்டம்பர் 12

வெர்னா,

நல்ல துப்பாக்கி வாங்கியிருக்கிறாய். எண்ணெய் விஷயத்தில் கவனம். புதிதாக ஆட்டோ வாங்குகிற எல்லோரும் எண்ணெயில் குளிப்பாட்டிவிடுவார்கள். குளிரில் அது பாகு மாதிரி இறுகி, தோட்டாவைத் தள்ளும் போல்ட் தூங்கிக்கொண்டே முன்னால் வரும். இரண்டு சொட்டு விட்டு, துணியால் துடைத்துவிடு. துடைத்த பிறகு இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வர வேண்டும், அவ்வளவுதான் அளவு.

23 அன்று நாங்கள் மிசிசிப்பிக் கரையிலுள்ள கெய்ரோ ஊருக்கு வடக்கே இருப்போம். எனக்குப் பதில் ஆள் மாற்ற முடியாது.

களிமண் தட்டுக்கு அகலமான சோக் போடு.

ஹார்லன்

*

கோல்டர் லேண்டிங்
செப்டம்பர் 16

அண்ணா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். தாளைத் திருப்பி வெளிச்சத்தில்கூடப் பார்த்தேன், பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறாயா என்று. எண்ணெய் இரண்டு சொட்டு என்று இருந்தது.

ஆள் மாற்ற முடியாவிட்டால் மெர்லுக்கு ஒரு கடிதம் போடு. நான்கு வரி போதும். 22ஆம் தேதிக்குள் வர வேண்டும். வராவிட்டால் நானே சொல்வேன். குழலை எடுத்துக்கொண்டு போவேன். உன்னை மாட்டிவிடுவதற்காக என்று நினைத்தால் நினைத்துக்கொள். நான் பொய்யான ஒன்றுக்காகச் சிரித்துக்கொண்டு தபால் ஆபீசிலிருந்து வெளியே வந்தது போதும். உன் பெயர் கெடாமல் இருக்க என் பெயரை இருபது மாதம் இரவல் கொடுத்திருக்கிறேன், தெரியாமலே. தெரிந்த பிறகு ஒரு நாள்கூடக் கொடுக்க முடியாது.

நீ தெரிந்தே ஒன்றும் செய்யவில்லை. நான் சந்தேகப்பட்டதுமில்லை. ஆனால் எப்போது தெரிந்துகொண்டாய்? அதை மட்டும் எனக்குச் சொல்.

உன் தங்கை,
வெர்னா

*

கோல்டர் லேண்டிங்
செப்டம்பர் 24

அண்ணா,

மெர்லுக்கு உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அதனால் நடந்ததை நானே எழுதுகிறேன்.

கிளப் கொட்டகையில் மேஜை போட்டிருந்தார்கள். பொரித்த கெளுத்தி, சோளமாவு உருண்டை, கோஸ் கூட்டு, எல்லாம் அதே இடத்தில். நான் துப்பாக்கியோடு போனதும் ஒருவர், "ஏம்மா, இது சேறு தாங்குமான்னு கேட்டு வாங்கினியா?" என்றார். சிரிப்பு.

நான் சாக்கைப் பிரித்து, குழலை மீன் தட்டுக்கும் ஊறுகாய்க்கும் நடுவில் வைத்தேன். "நுனியப் பாருங்க, அப்புறம் கிழிஞ்ச எடத்தப் பாருங்க, அப்புறம் உள்ள பாருங்க," என்றேன். கையில் விளக்கும் கொடுத்தேன். ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள்.

"இருவது கேஜு," என்றார் மெர்ல். "உங்கிட்ட இருவது கேஜே கெடையாதே."

"இல்ல. கோட்டு ஹார்லனோடது. 'டிக்'குன்னு கேட்டும் தொறந்து பாக்காம சுட்டது நான்."

"ஹார்லன் சொன்னானா இத?"

"இல்ல. நான் சொல்றேன்."

"அவன் இல்லாத நேரத்துல..."

"வரச் சொல்லி எழுதினேன். வரல."

பிறகு நடந்தது எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. யாரும் சொல்லாமலே, ஆண்கள் ஒவ்வொருவராகத் தங்கள் கோட்டுப் பாக்கெட்டில் கைவிட்டுத் துழாவினார்கள். சாவி, புகையிலை டப்பா, கசங்கிய கைக்குட்டை. மெர்ல் கையை வெளியே எடுத்தபோது உள்ளங்கையில் ஒரு மஞ்சள் தோட்டா இருந்தது. போன வாரம் புறாவுக்குப் போனபோது வைத்ததாம். இடுப்பில் பன்னிரண்டு கேஜ் தோட்டாப் பட்டை, பாக்கெட்டில் அது. அதை மேஜையில் குழலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, வெளியே போய் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வந்தார்.

இருபத்தைந்து தட்டில் பத்தொன்பது உடைத்தேன். துப்பாக்கி ஒரு முறையும் சிக்கவில்லை. எண்ணெய் இரண்டு சொட்டுதான் விட்டிருந்தேன்.

ஓட்டு, பதினொன்றுக்கு ஒன்று. அந்த ஒருவர் யார் என்று தெரியும், அவர் நான் சேர்ந்த அன்றும் எதிராகத்தான் போட்டார்.

வீட்டுக்கு வந்து சந்தோஷப்படலாம் என்று உட்கார்ந்தேன். வரவில்லை. செய்தது சரி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் உன் பெயரைச் சொன்னபோது என் குரல் கூடத்தில் அறிக்கை வாசிக்கிற குரல் மாதிரி இருந்தது. அதை நீ கேட்கவில்லை என்பதில் ஒரு நிம்மதி.

வெர்னா

*

பாடுகா, கென்டக்கி
அக்டோபர் 20

வெர்னா,

உன் கடிதங்கள் எல்லாம் கிடைத்தன. கரையில் இருக்கிறேன். மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்கமாட்டேன்.

எப்போது தெரிந்துகொண்டேன் என்று கேட்டாய். மூன்றாம் நாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் கோட்டை ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள். லாரியில் வைத்துப் பாக்கெட்டைக் கவிழ்த்தேன். இரண்டு மஞ்சள் தோட்டா விழுந்தது. நான் மூன்று வைத்திருந்தேன். சீட்டுக்கு அடியில், மிதியடிக்கு அடியில் எல்லாம் தேடினேன். மூன்றாவது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டே தேடினேன்.

திரும்ப ஆஸ்பத்திரி மாடிக்கு வந்தபோது மெர்ல் நடையில் நின்றிருந்தார். "சேறுதான், வேறென்ன," என்றார். நான் தலையாட்டினேன். அவ்வளவுதான் நான் செய்தது, ஒரு தலையாட்டல். அப்புறம் நீ கண் திறந்து, "சேத்துல குத்திட்டேனா அண்ணா?" என்று கேட்டாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். "தூங்கு" என்றேன்.

அதற்குப் பிறகு உன் முகத்தைப் பார்த்தால் சொல்லிவிடுவேன் என்று பயம். அதனால் நதி. இந்த நதியில் எந்த மூலைக்குப் போனாலும் ஒரே மாதிரிதான் இருந்தது.

மெர்லுக்கு எழுதிவிட்டேன். நீ சொன்ன நான்கு வரி, ஒரு மாதம் தாமதமாக. ஐந்தாவது வரியில் என் இடத்தையும் விட்டுவிடுவதாக எழுதினேன். என்னுடையதும் இந்த வருஷத்தோடு போகிற இடம்தான். துப்பாக்கி எல்லாவற்றையும் எப்போதோ விற்றுவிட்டேன். உன் பக்கத்தில் தோட்டாவைத் தொட்டுக்கொண்டு இனி என்னால் உட்கார முடியாது.

மன்னித்துவிடு என்று எழுத எனக்கு உரிமை இல்லை. அதனால் எழுதவில்லை.

ஹார்லன்

*

கோல்டர் லேண்டிங்
அக்டோபர் 25

அன்புள்ள அண்ணா,

கடிதம் வந்தது. அடுக்களையில் நின்றுகொண்டே படித்தேன். பிறகு உட்கார்ந்து படித்தேன்.

'மன்னித்துவிட்டேன்' என்று இரண்டு தாளில் எழுதிப் பார்த்தேன். இரண்டும் குப்பைக்கூடைக்குப் போயிற்று. எழுதிய எழுத்து என் எழுத்து மாதிரியே இல்லை. அது வருகிறபோது வரும், நான் அவசரப்படுத்தப் போவதில்லை. விரல் போனதைவிட அந்தத் 'தூங்கு'தான் வலிக்கிறது, அதை உன்னிடம் மறைக்கமாட்டேன். நீ லாரியில் மூன்றாவது தோட்டாவைத் தேடியதை நினைத்தாலும் வலிக்கிறது. இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன, எதையும் தூக்கி வெளியே போட முடியவில்லை.

ஆனால் அது முடிவதற்காக வேட்டைக் காலம் காத்திருக்காது.

மெர்ல் உன் கடிதத்தை எடுத்து வந்து காட்டினார். "முதல் நாலு வரிய எல்லாருக்கும் படிச்சுட்டேன். அஞ்சாவது வரிய என்ன செய்யறது?" என்றார். "நவம்பர் பதினெட்டாம் தேதி வரைக்கும் மேஜை டிராயர்ல வெச்சிருங்க," என்றேன். "ஏன்?" என்றார். "எனக்கே தெரியல," என்றேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். மனிதர் இப்போது எங்கே போனாலும் முதலில் பாக்கெட்டை உதறுகிறார். தேவாலயத்தில்கூட.

தொடக்க நாள் நவம்பர் 18, சனிக்கிழமை. நீ 14ஆம் தேதி படகேற வேண்டியது என்றும், கேட்டால் ஒரு வாரம் தள்ளித் தருவார்கள் என்றும் ஆபீசில் விசாரித்துவிட்டேன். அந்தப் பெண் நல்ல மாதிரி, பெயர்கூடக் கேட்கவில்லை.

உன்னைத் துப்பாக்கி தூக்கச் சொல்லவில்லை. தோட்டா தொட வேண்டாம். அதையெல்லாம் நான் பார்த்துக்கொள்வேன், இப்போது நன்றாகவே வருகிறது. மறைப்பில் என் இடது பக்கம் யாராவது நின்று, வாத்து இறங்கும்போது "இப்ப எழுந்திரு" என்று சொல்ல வேண்டும். மெதுவாக அல்ல, பழைய மாதிரி அதட்டி. பதின்மூன்று பேர் இருக்கிறார்கள், கேட்டால் யாரும் நிற்பார்கள். உன்னைத்தான் முதலில் கேட்கிறேன்.

இதற்குப் பதில் எழுதாதே. நாம் இருவரும் எழுதியது போதும். வருவதானால் பதினெட்டாம் தேதி காலை நாலரை மணிக்குப் படகுத்துறையில் இரு. நாலரைக்குக் கயிற்றை அவிழ்ப்பேன். நாலு முப்பத்தொன்று வரை நிற்கமாட்டேன்.

உன் தங்கை,
வெர்னா